பாலிசிக்கு வெளியே ஒரு படகு

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலை அது. மதுரையிலிருந்து சோழவந்தான் போகும் வழியில் எங்களுக்கு ஒரு ஃபைபர் படகுப் பட்டறை இருக்கிறது. கடல் இல்லாத ஊரில் படகா என்று கேட்காதவர்கள் இல்லை. அணைகளிலும் ஏரிகளிலும் சுற்றுலா வருகிறவர்கள் ஏறும் துடுப்புப் படகுகளைத்தான் நாங்கள் செய்கிறோம். வேலையெல்லாம் என் கணவர் பார்த்துக்கொள்வார். ஆர்டர், வங்கி, இன்சூரன்ஸ் என் பொறுப்பு.

அன்று அவர் ஃபைபரை ஒட்டி இறுக்கும் ரெசின் வாங்கத் தூத்துக்குடி போயிருந்தார். மலை ஊர் போட் ஹவுஸ் ஒன்றுக்காகச் செய்த புதுப் படகு, பாலீஷ் முடிந்து லாரிக்காகக் காத்திருந்தது. அதை நடத்தும் ஒப்பந்தக்காரர் எங்களிடம் கொடுத்த முதல் ஆர்டர்.

பட்டறைக்குப் பின்னால் பள்ளத்தில் புதிதாக பிளாட் போட்டு வீடுகள் வந்திருந்தன. அந்தப் பக்கத்துக் கண்மாயின் கரை உடைந்துவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அங்கே ஜன்னல் உயரத்துக்கு ஏறியது. ஜனங்கள் மாடிகளில் நின்று கூப்பிட்டார்கள். தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தேன். ரோடு அறுந்து கிடக்கிறது, சுற்றித்தான் வர வேண்டும் என்றார்கள்.

எங்கள் மேஸ்திரி அண்ணன் ஓடி வந்தார். "தங்கச்சி, கடைசி வீட்டுல மாடிகூட இல்ல. ஓட்டு மேல பச்சப்புள்ளையோட ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. படக எறக்கிருவமா?"

அதே நேரத்தில் எங்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் போன் செய்தார். எங்கள் சர்ச்சுக்கு வருகிற தம்பி. ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று விசாரிக்கத்தான் கூப்பிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, சரக்கு ஷெட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் பாலிசி. படகு வெளிய போயி ஒடஞ்சா ஒண்ணும் கிடைக்காது. இதச் சொல்ல வேண்டியது என் கடமை" என்றார். பிறகு, "என் வீடு அங்க இருந்தா, படகக் குடுங்கன்னு நானே உங்க கால்ல விழுந்திருப்பேன்" என்றார்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்தப் பாலிசியை வரி விடாமல் படித்தவள் நான். கணவரைக் கூப்பிட்டேன், லைன் கிடைக்கவில்லை. "எறக்குங்கண்ணே" என்றேன்.

சோதனை ஓட்டத்துக்காக வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நானும் ஏறினேன். மேஸ்திரியும் வெல்டரும் துடுப்புப் போட்டார்கள். ஓட்டு மேல் இருந்த பெண், குழந்தையைச் சேலையால் உடம்போடு கட்டியிருந்தாள். நனைந்த முடிச்சு அவிழவில்லை. "அவுக்காத தாயி, அப்படியே எறங்கு" என்று சொல்லி அவளை இடுப்போடு அணைத்துப் பிடித்து இறக்கினேன். மற்ற வீடுகளில் இருந்தவர்களையும் மாற்றி மாற்றி ரோட்டில் கொண்டுவந்து விட்டோம். கடைசி நடையில், தண்ணீருக்குள் மறைந்திருந்த ஒரு காம்பவுண்ட் கம்பி படகின் அடியைக் கிழித்தது. மேஸ்திரி சாக்கை அடைத்து மிதித்துக்கொண்டார், நாங்கள் தண்ணீரை இறைத்துக்கொண்டே கரை சேர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

திரும்பிப் பார்த்தால் எங்கள் ஷெட்டின் பின்சுவர் விழுந்து கிடந்தது. சரியாகப் படகு நின்ற இடம்.

சாயங்காலம் கணவர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். படகைக் கவிழ்த்து, கிழிசலை விரலால் தடவிப் பார்த்தார். "புள்ள நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

நஷ்டத்தை மதிப்பிட சர்வேயர் வருவதாக இன்சூரன்ஸ் கம்பெனியில் சொன்னார்கள். பட்டறையில் ஒருவர், "அக்கா, சுவரு விழுந்து படகு ஒடஞ்சிருச்சுன்னு சொல்லீருவோம். நம்ம என்ன திருடவா போனோம்?" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எனக்கும் ஆசை வராமல் இல்லை. ஆனால் நல்ல காரியம் செய்துவிட்டு, அதையே செய்யவில்லை என்று சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை.

சர்வேயர் அதிகம் பேசாத மனிதர். விழுந்த சுவரையும் நனைந்து வீணான ஃபைபர் மேட் சுருள்களையும் படம் எடுத்தார். படகின் முன்னால் வந்து நின்றார். "இதுவும் சுவரு விழுந்து ஆனதுதானேம்மா?"

ஆமாம் என்றால் போதும். என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார். சுவரு விழுந்தப்ப இது கண்மாய்த் தண்ணியில ஆளேத்திக்கிட்டு இருந்துச்சு."

சர்வேயர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டார். சுவருக்கும் சரக்குக்கும் இன்சூரன்ஸ் கிடைத்தது. படகுக்கு இல்லை. அவர் விதிப்படி நடந்தார், எனக்கு அவர்மேல் வருத்தமில்லை. கிளம்பும்போது ஒன்று சொன்னார்: "உங்க தொழிலுக்கு இந்தப் பாலிசி பத்தாதும்மா. தண்ணியில இறக்குறதுக்கும் லாரியில ஏத்துறதுக்கும் சேத்துக் கேட்டு வாங்குங்க."

கிழிந்த படகை ஒட்டி, புதுசு என்று அனுப்ப எங்களுக்குச் சம்மதமில்லை. ஒப்பந்தக்காரரிடம் நடந்ததைச் சொல்லி, வேறு படகு செய்ய அவகாசம் கேட்டேன். முதலில் கோபப்பட்டார், பிறகு சரி என்றார். ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது. ஷெட்டைத் தார்ப்பாயால் மூடி, பெரிய விளக்குகளை எரியவிட்டு அந்தச் சூட்டில் வேலை செய்தோம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் நானும் போய் ரெசின் தடவும் ரோலர் பிடித்தேன். சொன்ன தேதிக்குப் புதுப் படகு லாரியில் ஏறியது. அந்த ஒப்பந்தக்காரர் இப்போதும் எங்களிடம்தான் வாங்குகிறார்.

ஏஜென்ட் தம்பியை விடாமல் நச்சரித்து, வெளியே போகும் படகுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்துவிட்டேன். கிழிந்த படகை ஒட்டுப்போட்டு நாங்களே வைத்துக்கொண்டோம், விற்கவில்லை. மழைக்காலம் வந்தால் அது கயிறும் துடுப்புமாகத் தயாராக இருக்கும்.

எதை இழந்தாலும் தாங்கலாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டால், உண்மையைச் சொல்ல அவ்வளவு பெரிய தைரியமெல்லாம் தேவையில்லை என்பதை அந்த மழைக்காலம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.