வெள்ளிக் காசில் குடியிருந்த ரோமாபுரித் தெய்வங்கள்

கட்டைவிரல் நகமளவு காசுக்கு முன்னால் மனிதரை நிறுத்துவது, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்துவதைவிடக் கஷ்டம். நின்றபடி பேசியே பிழைக்கிற அன்பர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும். தஞ்சாவூரில் ஓர் அருங்காட்சியகத்தில் விளக்கம் சொல்வது என் வேலை. பழைய ரோமானிய வெள்ளிக் காசுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி என் பொறுப்பு.

யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி

தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னப் பாயும் இரட்டைக் குதிரை வீரர்கள், தேர் ஓட்டும் தேவதை என்று அந்தக் காசுகளில் ஒரு தேவலோகமே இருக்கிறது. ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டி வெண்கல நடராஜரிடம் போய்விடுவார்கள். புதிதாக வந்த அதிகாரி இதை ஒரு வாரம் கவனித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பெட்டியை எடுத்துவிடப் போவதாகச் சொன்னார். பொங்கல் விடுமுறை வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "அதுக்கப்புறம் பெட்டி கிடங்குக்குப் போயிடும்மா. அந்த இடத்துல செல்ஃபி எடுக்க ஏற்பாடு பண்ணிடலாம்."

ஃப்ளெக்ஸ் கடையில்

காசு சின்னதாக இருப்பதுதானே குறை? பெரிதாக்கிவிட்டால்? ஒவ்வொரு காசையும் படமெடுத்து, கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் பேனர் அடிக்கும் கடைக்குப் போனேன். முதலில் திரையில் வந்தவர் இரட்டை முகத் தெய்வம். வாசலைக் காப்பவர், ஒரு முகம் வந்த வழியைப் பார்க்கும், மற்றது போகும் வழியை. கடைக்காரர் தெய்வத்தின் தாடியையும் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "ரெண்டு பக்கமும் பாக்குறாரே மேடம், எந்தக் கூட்டணின்னு தலைவர் இன்னும் முடிவு பண்ணலையா?"

தோளில் அப்பா

பேனர் மாட்டி, பெட்டியின் மேல் ஒரு பூதக்கண்ணாடியும் பொருத்தினேன். கூட்டம் சேர ஆரம்பித்தது. சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த திருக்காட்டுப்பள்ளிக்காரர் ஒருவர் வெகுநேரம் நின்று கேட்டார். அவர் கேட்டது, ஒரு காசில் பொறித்திருக்கும், எரிகிற ஊரிலிருந்து தப்பிக்கும் ஒருவனின் கதை. அவன் ஒரு கையில் ஊர்த் தெய்வத்தின் சிலை. தோளில், நடக்க முடியாத அப்பா.

கதை முடிந்ததும் அவர் விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். முழங்கால் வலி என்று அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட தன் அப்பாவை, அவர் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டும் விடாமல், தூக்கிக்கொண்டு வந்தார். பெரியவர் பூதக்கண்ணாடி வழியாகக் காசை நன்றாகப் பார்த்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தார். "அவங்கப்பா கனமே இல்ல போலடா, பையன் எப்படி ஓடுறான் பாரு."

காணும் பொங்கல்

அன்று வரிசை படிக்கட்டு வரை நின்றது. அறுவடை முடித்த கையோடு திருப்பனந்தாள் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். சிறகு விரித்துத் தேரில் நிற்கும் வெற்றித் தெய்வத்தை அவர்களுக்கு விட்டுப் போகவே மனமில்லை. ஜெயிச்சவனுக்கு மாலை போடுகிற சாமி என்றேன். வயலில் ஜெயித்தவர்களுக்கும் போடுமா என்று ஒருத்தி கேட்க, கட்டாயம் போடும் என்று நானே வரம் கொடுத்தேன்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் யாரென்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. வரிசையில் வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் கடைசியில் போய் நின்றார். முறை வந்ததும் குனிந்து ஒவ்வொரு காசாகப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் பின்னால் நின்ற அம்மாள் நகரச் சொல்லி அவசரப்படுத்தினார். "இருங்கம்மா," என்றார் அதிகாரி, "இந்தப் பெட்டி எங்கயும் போகாது."

ரோமாபுரித் தெய்வங்களைத் தஞ்சாவூரில் குடியேற்றிய பெருமை எனக்கும், அன்று முதல் கட்டிக்கொண்ட தொண்டைக்குச் சுக்குக் காப்பி போடும் வேலை என் வீட்டுக்காரருக்கும் வாய்த்தன.