கடைசியாக வரும் கார்

எங்கள் இளைஞர் குழு ஐந்தருவிப் பக்கம் முகாம் போனால், எந்தப் பிள்ளை எந்தப் பெற்றோர் காரில் என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் போடுவது நான்தான். திரும்பும்போது, கூடாரங்களை ஏற்றிவரும் ஒரு பையனின் அப்பா மட்டும் எப்போதும் அரைமணி நேரம் பிந்தியே தென்காசி வருவார். ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே குறுகுறுப்பு.

போன முறை, பட்டியலை டிக் அடித்து, "பிள்ளைகள் எல்லாரும் வந்தாச்சு" என்று குழுவில் போட்டேன். பிறகுதான் அவர் வந்தார். கேட்டே விட்டேன்.

"வழியில எங்கன நிக்குதீய அண்ணாச்சி?"

"எங்கனயும் நிக்கலம்மா. எல்லாரும் போன பொறவு அருவிப் பக்கம் ஒருக்கா பாத்துட்டுத்தான் கெளம்புவேன்" என்றபடி பின்கதவைத் திறந்தார்.

கூடாரங்களுக்கு நடுவில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். "எம்மா, நான் எந்த வண்டின்னு நீ எழுதவே இல்லியே?"

நம் பிள்ளைதானே, எதிலாவது ஏறிவிடுவாள் என்று விட்டிருந்தேன்.

இப்போதெல்லாம் அவர் கார் வந்த பிறகுதான் 'எல்லாரும் வந்தாச்சு' என்று போடுகிறேன்.