அய்யா உழுத தொட்டி

உப்புநீர்த் தொட்டி வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: மணலை ஒரே நாளில் முழுக்கக் கிளறிவிடாதீர்கள். ஏன் என்று கேட்டால், என்னைப் பெற்ற அய்யா வந்துபோன நாளைச் சொல்வேன்.

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாம்பன் பக்கம் ஒரு சின்ன மீன் காட்சிசாலையில் எனக்குத் தற்காலிக வேலை. எங்கள் ஊர் ஆர்.எஸ்.மங்கலத்தை ஒட்டிய, நெல் விளையும் கிராமம். அய்யா கூலிக்கு உழுகிறவர். குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். வேலையை நிரந்தரமாக்கலாமா என்று முடிவு செய்ய, அன்று மதியம் அதிகாரி தொட்டிகளைப் பார்க்க வருவதாக இருந்தது. அது தெரியாமல் அய்யா காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டார்.

பெரிய தொட்டிக்கு முன்னால் அவரை நிறுத்தினேன். மீன்களைவிட அடியில் கிடந்த மணலைத்தான் அதிகம் பார்த்தார். மேலே வெள்ளை மணல், கண்ணாடியோரம் கீழே கறுப்பாக ஒரு பட்டை.

"அடியில நல்ல வண்டலு கெடக்குய்யா" என்றார்.

நான் சிரித்துவிட்டு, கூட வேலை பார்த்த சவரிமுத்துவுடன் கடல் தண்ணீர் எடுக்கப் போனேன். சவரிமுத்து பக்கத்து மீனவ ஊரான அக்காள்மடத்துக்காரன், கடலில் பிறந்து வளர்ந்தவன். குடங்களோடு திரும்பியபோது வாசலிலேயே அழுகிய முட்டை வாடை அடித்தது. உள்ளே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைகளை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, நாற்றங்காலுக்குச் சேறு குழப்புவது போல் மணலை ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை குழப்பிக்கொண்டிருந்தார் அய்யா. தண்ணீர் கறுத்துவிட்டது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

"அய்யா! என்ன செய்றீக?"

"மண்ணு இறுகிக் கெடந்துச்சுய்யா. நீ ஒத்தையில கெடந்து கஷ்டப்படுறியேன்னு லேசாக் கெளறி விட்டேன்."

சவரிமுத்து குடத்தை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினான். "ஏலே, நாங்க தலைமுறை தலைமுறையா கடலுக்குப் போறோம். ஒருத்தனும் அத உழுததில்லடா!"

அடியில் காற்றுப் படாமல் கிடக்கும் மணல் கறுக்கும். அதில் தேங்கியிருக்கும் கெட்ட வாயு மொத்தமாக மேலே வந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். இதையெல்லாம் விளக்க நேரமில்லை. கைவலையால் மீன்களை அள்ளி, புதுத் தண்ணீர் நிரப்பிய பக்கெட்டுகளில் விட்டோம். கிளிமீன் வந்தது, வண்ணாத்தி மீன்கள் வந்தன. நாக்கு மீன் மட்டும் வரவில்லை. உள்ளங்கை நீளத்தில் தட்டையாக, மணலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டிப் படுத்திருக்கும். அதிகாரி வந்தால் முதலில் தேடுவதே அதைத்தான். கறுத்த தண்ணீரில் வலையைப் போட்டு எத்தனை இழுத்தும் மணல்தான் வந்தது.

"எப்படியிருக்கும்?" என்றார் அய்யா. நான் கையால் காட்டினேன்.

அவர் மறுபடியும் கையை விட்டார். இந்த முறை கிளறவில்லை. கண்மாய் வற்றும்போது சேற்றில் விரால் மீனைத் தடவிப் பிடிப்பாரே, அதே மாதிரி உள்ளங்கைகளை விரித்து, மணல்மேல் பட்டும் படாமலும் நகர்த்திக்கொண்டே போனார். தொட்டியின் கடைசி மூலையில் கை நின்றது. இரண்டு கையையும் சேர்த்து அள்ளி எடுத்தார். பக்கெட்டில் விட்டதும் நாக்கு மீன் ஒரு சுற்றுச் சுற்றி அடியில் படுத்தது. செவுள் அசைந்தது.

"உசுரு இருக்குய்யா" என்றார்.

அப்போதுதான் அதிகாரி உள்ளே வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். முழங்கைவரை கறுப்பாக நின்ற அய்யாவைப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

சவரிமுத்து எனக்காக முந்திக்கொண்டான். "மண்ணு அள்ள வந்த ஆளு சார்."

அய்யாவும் உடனே தலையாட்டினார். "ஆமாங்க, கூலி ஆளுங்க."

நான் குனிந்து பார்த்தேன். பக்கெட்டில் அந்த மீனின் இரண்டு கண்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"இல்ல சார். எங்க அய்யா. எனக்கு ஒத்தாசை பண்றதா நெனச்சு மணலைக் கெளறிட்டாரு. மீனெல்லாம் உசுரோட இருக்கு சார்."

அதிகாரி ஒவ்வொரு பக்கெட்டாகக் குனிந்து பார்த்தார். பிறகு அய்யாவிடம் திரும்பி, "நம்ம காட்சிசாலை எப்படிங்க இருக்கு?" என்றார்.

"எங்கங்க பாத்தேன்? பாக்குறதுக்குள்ள நானே கலக்கிப்புட்டேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். "தொட்டியைக் கழுவி முடிங்க. அப்புறம் நானே சுத்திக் காட்டுறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

சில மாதங்களில் என் வேலை நிரந்தரமானது. அய்யா ஊரில் போய், "எம் மகன் கடலுக்குக் களையெடுக்கிறான்" என்று சொல்லித் திரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

அன்றிலிருந்து தொட்டியை நான்கு பாகமாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு வாரத்துக்கு ஒரு பாகம்தான். ரப்பர் டியூபைச் சைஃபனாக வைத்து, அழுக்கை உறிஞ்சிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக மணலைக் கிளற வேண்டும். ஆனால் டியூபை வைப்பதற்கு முன்னால், உள்ளங்கையை விரித்து மணலை ஒருமுறை மெல்லத் தடவிப் பாருங்கள். அடியில் ஓர் உயிர் படுத்திருக்கும்.