விளாத்தியோடையை இல்லையென்று எழுதியவர்கள்

சிவலட்சுமிக்கு நாற்பத்தாறு வயதானபோது ஒரு செய்தி தெரியவந்தது: அவள் பிறந்த நாளிலிருந்து கால் நனைத்து வந்த விளாத்தியோடை இந்த உலகத்தில் இல்லை. அதைச் சொன்னது இருநூறு பக்கத்துக்கு மேல் நீண்ட ஓர் அறிக்கை. இலுப்பைக்கடவைப் பக்கத்துக் கரையோர வீதியை அகலமாக்கி உயர்த்தினால் வழியிலுள்ள ஓடைகளுக்கும் ஈரநிலங்களுக்கும் என்ன கேடு வரும் என்று ஆராய்ந்து எழுதியது. பொதுமக்கள் வாசித்துக் கருத்துச் சொல்வதற்காக அதைப் பிரதேச செயலகக் கந்தோரில் முப்பது நாள் வைத்திருந்தார்கள். பொதுமக்களுக்குத் தெரிந்தது தமிழ். அறிக்கை இருந்தது ஆங்கிலத்தில். மக்களின் கருத்து வந்து தொந்தரவு செய்யாமலிருக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கந்தோரில் வேலை செய்த மதுஷிகா என்ற பெண் மட்டும் இரக்கப்பட்டுப் பக்கத்தைப் புரட்டித் தமிழில் சொன்னாள்.

"உங்கட இடம் இதுதான் அக்கா. முப்பத்தெட்டாம் கிலோமீற்றர். 'தரிசு நிலம். நீரோட்டம் எதுவும் காணப்படவில்லை. மதகு தேவையில்லை.' இவ்வளவுதான்."

"ஓடையை எங்க போட்டிருக்கினம்?"

"ஓடை ஒண்டும் இல்லை. கீழ சின்ன எழுத்தில ஒரு குறிப்புக் கிடக்கு. 'மிதிவெடி அபாயம் காரணமாக உள்ளே செல்ல முடியவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் இதனை உறுதிப்படுத்தினார்.' ஆரக்கா அந்தப் பெண்?"

சிவலட்சுமி அந்தச் சின்ன எழுத்தைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் அவள்தான்.

வீதிக்குக் கிழக்கே நாற்பது குடும்பம் கொண்ட குடியிருப்பு அவளுடையது. எல்லோருக்கும் நெல்தான் சீவியம். விளாத்தியோடை கிழக்குக் காட்டில் விழும் மழையைத் திரட்டிக்கொண்டு வந்து, வயல்களின் மேலதிகத் தண்ணீரையும் வாங்கி, வீதியைக் கடந்து மேற்கே தரவையில் பரவும். மாரியில் முழங்காலளவு நீரும் கோடையில் மாடு மேயப் புல்லுமாகக் கிடக்கும் அந்தத் தரவையிலிருந்துதான் நல்ல தண்ணீர் கடலோடு சேரும். ஐப்பசியில் தொடங்கித் தை வரை ஓடை ஓடும். மற்ற மாதங்களில் வெறும் வெள்ளை மணல். பழைய வீதி அந்த இடத்தில் பணிந்து கிடந்தது. வெள்ளம் வீதிக்கு மேலாக ஓடும், பஸ் ஒரு நாள் காத்து நிற்கும், வயல் பிழைத்துக்கொள்ளும். அதே வீதியை நாலடி உயர்த்தி, கீழே ஒரு குழாய்கூட வைக்காமல் விட்டால், அது வீதியல்ல, அணைக்கட்டு. அணைக்கு உட்பக்கம் நாற்பது வீடும் வயலும் இருந்தன.

இதைக் கண்டுபிடிக்கப் பட்டம் தேவையில்லை. சிவலட்சுமி எட்டாம் வகுப்புத்தான் படித்தவள். ஆனால் ஒன்று ஏன் நடக்கிறது என்று தெரியாமல் அவளால் இருக்க முடியாது. போர்க்கால இடப்பெயர்வில் கணவரைப் பறிகொடுத்து, இரண்டு பெண்பிள்ளைகளோடு முட்கம்பிக்குள் முகாமில் கிடந்தபோது, வரிசையின் கடைசிக் குழாயில் ஒருநாளும் தண்ணீர் வருவதில்லை. பொறுப்பதிகாரி அதைத் தலைவிதி மாதிரி விளக்கினார். சிலர் விரதம் இருந்தார்கள். சிவலட்சுமி குனிந்து பார்த்தாள். குழாயின் கடைசித் துண்டுக்குக் கீழே யாரோ ஒரு கல்லை முட்டுக்கொடுத்து உயர்த்தி வைத்திருந்தார்கள். கல்லை இழுத்துப் போட்டாள். தண்ணீர் வந்தது. விரதம் இருந்தவர்கள் விரதத்தால் வந்தது என்றார்கள்.

இரண்டாயிரத்துப் பத்தில் ஊருக்குத் திரும்ப விட்டார்கள். பன்னிரண்டு தகரமும் ஒரு மண்வெட்டியும் கொடுத்து, அதற்கு மீள்குடியேற்றம் என்று பெயரும் வைத்தார்கள். அந்த மாரியில் வெள்ளம் ஏறிய உச்சத்தில், ஓடைக்கரை விளாத்தி மரத்தில் அவள் ஒரு சேலைத்துண்டைக் கட்டிவைத்தாள். தாய் தகப்பன் காலத்திலிருந்து ஊரில் உள்ள பழக்கம் அது. அடுத்த வருசம் வரம்பை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அந்தத் துணிதான் கணக்கு.

அறிக்கையில் வந்த அந்த மிதிவெடி விசயம் அதன் பிறகு நடந்தது. வீதி வேலை தொடங்குமுன்பே, அதை ஒப்பந்தம் எடுத்த குத்தகைக்காரரின் டிப்பர்கள் மஞ்சள் கொடி கட்டிக்கொண்டு வந்து ஓடைக்கரையை வெட்டி மண் அள்ளத் தொடங்கின. கேட்டால் "மேலிடத்து உத்தரவு" என்றார்கள். கிராம அலுவலரிடம் சொன்னாள். அவர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மேசை லாச்சிக்குள் நித்திரைக்கு அனுப்பினார். கடைசியில் அவள் தானே ஒரு வழி பார்த்தாள். வெடி எடுக்கும் நிறுவனம் வேலையை முடித்துவிட்டுப் போனபோது, மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகளைப் பள்ளிக்கூடத்துச் சுவரோடு அடுக்கிவிட்டுப் போயிருந்தது. அதில் ஒன்றைத் தூக்கி வந்து ஓடைவாயில் நாட்டினாள். கந்தோரும் காகிதமும் செய்யாத வேலையை 'ஆபத்து! மிதிவெடி' என்ற இரண்டு சொல் ஒரே நாளில் செய்தது. டிப்பர்கள் திரும்பவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு வெள்ளை வான் வந்தது. அதிலும் அதே மஞ்சள் கொடி. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். பெயர் றெனால்ட். மன்னார்த் தீவில் பிறந்து, கொழும்பில் படித்து, சுற்றாடல் நிபுணராகியிருந்தவர். அது அப்போது சிவலட்சுமிக்குத் தெரியாது. மண் அள்ளுகிறவர்களின் முதலாளி என்றே நினைத்தாள்.

"அம்மா, இங்கே இன்னும் வெடி எடுக்கவில்லையா?" என்று அவர் பலகையைக் காட்டிக் கேட்டார்.

"எங்க ஐயா எடுத்தவை? நிறையக் கிடக்கு. போன மாசமும் ஒரு மாடு மூண்டு காலோட வந்தது."

அந்த மாட்டை அவள் அந்த நிமிடத்தில்தான் படைத்தாள். சாரதி வானைப் பத்து யார் பின்னுக்கு எடுத்தான். நிபுணர் வீதியில் நின்றபடி ஒரு படம் பிடித்தார், ஏதோ குறித்தார், ஏறிப் போனார். சிவலட்சுமி அன்றைக்கு முழுவதும் சிரித்துக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் இப்போது கந்தோர் மேசையில் சின்ன எழுத்தில் கிடந்தது. அவளுக்குத் தன்மேல் கோபம் வந்தது உண்மை. ஆனால் யோசிக்க யோசிக்கக் கோபம் இடம் மாறியது. வெடி எடுத்து முடிந்த நிலங்களின் வரைபடம் அதே கட்டடத்தின் மேல்மாடியில் தொங்கியது. ஒருவரும் படியேறிப் பார்க்கவில்லை. அறுபது கிலோமீற்றர் வீதியை நாலு நாளில், வருசத்தின் மிக வறண்ட மாதத்தில், வான் கண்ணாடியால் பார்த்துவிட்டு, தண்ணீர் ஓடவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

குடியிருப்பில் கூட்டம் கூடியது. வயல் செய்யும் கமக்காரரின் சங்கத் தலைவர் சிவராசாவுக்குப் பயம்.

"பலகை நாட்டினது நீ எண்டு தெரிஞ்சால் கொண்டுபோய் உள்ள போட்டிடுவாங்கள் பிள்ளை. பேசாமல் பிள்ளையாருக்கு ஒரு நேர்த்தி வைப்பம்."

"பிள்ளையாருக்கே இன்னும் கூரை போடேல்லை, சிவராசாண்ணை. மழையில நனையிறவரிட்டைப் போய் வெள்ளத்தை மறிக்கச் சொல்லுறதே?"

தரவைக்கு அப்பால், கரையில் இறால் பிடிக்கும் சிங்கராசாவும் வந்திருந்தார். நல்ல தண்ணீர் இறங்காவிட்டால் இறால் கிட்டவும் வராது என்பது அவருடைய கவலை.

"எங்கட அந்தோனியார் துலைஞ்ச சாமானைத் தேடித் தாறவர்," என்றார் அவர். "ஆனால் ஓடை துலையேல்லையே. கிடந்த இடத்திலதான் கிடக்கு. துலைஞ்சது அவையளின்ர கண்."

"அப்ப கண்ணைத் தேடிக் குடுப்பம்," என்றாள் சிவலட்சுமி. "நான் போய்ச் சொல்லப்போறன்."

"பிள்ளையளை நினைச்சுப் பார்," என்றார் சிவராசா.

"அதுகள் படுக்கிற தகரக் கொட்டிலுக்குள்ளதான் அண்ணை தண்ணி வரப்போகுது. அதை நினைச்சுத்தான் போறன்."

கருத்துக் கேட்கும் கூட்டம் கந்தோர் மண்டபத்தில் நடந்தது. மேசையில் றெனால்டும் வீதிப் பொறியியலாளரும் இன்னும் சிலரும் தண்ணீர்ப் போத்தல்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அபிவிருத்தியைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். மக்களிலிருந்து எழுந்தவர்கள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். சிவலட்சுமி எழும்பினாள்.

"அந்த வெடிப் பலகை நான் நாட்டினது. அங்க வெடி இல்லை. மாட்டுக்கதையும் பொய். ஓடை மட்டும் உண்மை."

றெனால்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, வெடிப் பலகையை எடுத்து நாட்டுவது பாரதூரமான குற்றம். தெரியுமா?"

"இப்ப தெரியும் ஐயா. ஓடையை எடுத்து எறியிறது என்ன குற்றம்?"

"நாங்கள் எறியவில்லை. நீரோட்டத்தைக் காணவில்லை."

"ஆவணியில வந்தால் ஆர் காணுறது? மழைக்கு வாங்கோ, நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன்."

"கள ஆய்வுக்கான காலம் முடிந்துவிட்டது."

"அப்ப நாளைக்கே வாங்கோ. வெள்ளத்தின்ர அளவு மரத்தில கட்டிக் கிடக்கு."

"வெடி இல்லை என்ற சான்றிதழ் இல்லாமல் என் ஆட்களை இறக்க முடியாது அம்மா. விதி அப்படி."

"வெடி இருக்கெண்டு நான் சொன்னபோது என்னட்டை ஒரு சான்றிதழும் கேக்கேல்லையே. சொன்ன உடன புத்தகத்தில அச்சடிச்சியள். இப்ப அதே வாய் இல்லையெண்டு சொல்லுது. இதுக்கு மட்டும் எந்தக் கந்தோர் முத்திரை வேணும்?"

பின்வரிசையில் சிங்கராசா உரத்துச் சிரித்தார். அதைத் தொடர்ந்து மண்டபம் முழுவதும் சிரித்தது. பொறியியலாளர் மட்டும் சிரிக்காமல் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். அடுத்த நாள் வருவதாக அவர்தான் ஒப்புக்கொண்டார்.

வந்தவர்கள் வீதியோரத்தில் நின்றார்கள். சிவலட்சுமி மண்வெட்டியோடு பலகையைத் தாண்டி நடந்தாள். அகலமாக, காலை உதைத்து உதைத்து நடந்தாள். நாலு தரம் போய் நாலு தரம் வந்தாள். "காணுமோ ஐயா, இன்னும் ஒருக்கால் நடக்கட்டோ?" என்று கேட்டாள். பிறகு மணலைத் தோண்டினாள். மூன்று முழ ஆழத்தில் கறுத்த களி தெரிந்தது, அதில் தண்ணீர் ஊறியது. மரத்தில் கட்டிய துணி பழைய வீதியின் முகத்துக்கு ஒரு சாண் மேலே இருப்பதைப் பொறியியலாளரின் கருவி காட்டியது. றெனால்ட் அதன் பிறகுதான் இறங்கினார், அதுவும் சிவலட்சுமியின் காலடி பதிந்த இடத்தில் மட்டும் சப்பாத்தை வைத்து.

இரண்டு மாதத்தில் திருத்திய அறிக்கை வந்தது. மதுஷிகா வாசித்தாள்.

"'ஆய்வுக்குழுவின் விரிவான களப்பணியின்போது இவ்விடத்தில் ஒரு பருவகால ஓடை இனங்காணப்பட்டது.' அவையளே கண்டுபிடிச்ச மாதிரி எழுதியிருக்கினம் அக்கா. உங்கட பேர் இல்லை."

"என்ர பேருக்குள்ளால தண்ணி ஓடாது பிள்ளை. மதகு போட்டிருக்கோ?"

"ஓம். மூண்டு கண் மதகு."

அறிக்கையில் இல்லாத அவளுடைய பெயர் பொலிஸ் அழைப்பாணையில் மூன்று இடத்தில் பிழையில்லாமல் இருந்தது. நீதவான் சுற்றவாளியா குற்றவாளியா என்று கேட்டார். "பலகைக்குக் குற்றவாளி ஐயா," என்றாள். எதற்காக நாட்டினாள் என்று அவர் விசாரித்தார், முழுவதையும் கேட்டார், கடுமையாக எச்சரித்து அனுப்பினார். கரையை வெட்டி மண் அள்ளியவர்களுக்கு அழைப்பாணை எதுவும் வரவில்லை. ஓடையை இல்லையென்று எழுதியவருக்கு அடுத்த வீதியின் ஆய்வும் கிடைத்தது.

மறு ஆண்டு ஆனியில், வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் ஒருவரோடு வந்து மதகுக்கு அத்திவாரக் கிடங்கு வெட்டினார்கள். சிவலட்சுமி போய் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் கிடங்குக்குள் இறங்கினாள்.

"ஓவசியர் தம்பி, இது மணல். களி இன்னும் ஒரு முழம் கீழ கிடக்கு. முதல் வெள்ளத்தில இந்த மணல் போயிடும். பிறகு தண்ணி உங்கட கொங்கிறீற்றில முட்டித் திரும்பி எங்கட வயலுக்கு வரும்."

"பிளானில இந்த மட்டம்தான் அக்கா."

"பிளானுக்கு மட்டம் எடுத்தவை வீதியில நிண்டவை. நான் நிண்டது இதுக்குள்ள."

"சீமெந்து குழைச்சாச்சு. எழும்புங்கோ."

"எழும்பமாட்டன். உங்கட எஞ்சினியருக்குப் போன் அடியுங்கோ. துணி கட்டின மனுசி கிடங்குக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறா எண்டு சொல்லுங்கோ. அவருக்கு விளங்கும்."

ஓவசியர் தொப்பியைக் கழற்றி எறிந்தார், வீதிக்கு ஏறினார், வெகுநேரம் போனில் கதைத்தார். குழைத்த சீமெந்து வெயிலில் இறுகத் தொடங்கியது. வேலையாட்கள் நிழலுக்குப் போய் வெற்றிலை போட்டார்கள். கடைசியில் அவர் திரும்பி வந்து, வெட்டும் இயந்திரக்காரனுக்கு இன்னும் ஆழமாக என்று கையைக் காட்டினார். இயந்திரம் உறுமியது. சிவலட்சுமி எழுந்து, அதன் கை வந்து விழுகிற அளவுக்கு மட்டும் விலகி நின்று, களி தெரிகிறதா என்று குனிந்து பார்த்தாள்.