அளவெடுக்காமல் தைத்த கவுன்கள்

ஏற்காட்டில் நான் வேலை பார்த்த பிள்ளைகள் இல்லத்தில், யார் எது கொடுத்தாலும் உடனே வாங்கிவிட மாட்டார்கள். நான் போய்ப் பொருளைப் பார்த்து, கொடுப்பவரிடம் பேசிவிட்டு வரவேண்டும். பிறகுதான் முடிவு. மிஷன் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் இல்லத்தை நடத்திவந்தார். வண்டு விழுந்த அரிசியை வாங்கிப் புடைக்கச் சொல்வார். பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுக்க வேண்டும் என்று சொன்னவரின் புது பீரோவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "என்ன குடுக்கறாங்கன்னு பாக்காத. என்ன கேக்கறாங்கன்னு பாரு" என்பார்.

ஒரு மழைக்காலத்தில், கிளியூர்ப் பக்கம் எஸ்டேட் பங்களாவில் தனியாக இருந்த ஓர் அம்மாள் சொல்லியனுப்பினார். கம்பளிகளும் பெண்பிள்ளைத் துணிகளும் தர விரும்புகிறாராம். எங்களுக்கு அப்போது கம்பளி அவசரத் தேவை. இருந்தவை காயாமல் நாறிக்கொண்டிருந்தன. மதியச் சாப்பாடு முடிந்ததும் நடந்தே போனேன். வழியெல்லாம் பனிமூட்டம்.

அந்த அம்மாளின் ஒரே மகள் சின்ன வயதில் காய்ச்சலில் இறந்துபோனது ஊருக்கே தெரியும். ஹாலில் அவள் படம் இருந்தது. படத்தில் நாற்காலியின் முதுகை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். மேசையில் எங்கள் இருவருக்கும் காபி வைத்திருந்தார். பக்கத்தில் சின்ன டம்ளரில் பால். அதிலும் ஆவி பறந்தது.

கம்பளிகள் எல்லாம் புதியவை. அவற்றை எண்ணெய்த்தாளில் சுற்றி வைத்திருந்தார். பிறகு கவுன்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். சின்னவை சாயம் போயிருந்தன. அடுத்தடுத்தவை பெரிதாகிக்கொண்டே போயின.

"வருசா வருசம் நாந்தான் தைக்கறேன் கண்ணு. அவ வளந்துட்டுத்தான இருக்கறா."

எனக்குப் பயம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிக் கவுனைக் கையில் எடுத்தபோது அதன் வலது கை குட்டையாக இருப்பதைக் கவனித்தேன். தப்பாகத் தைத்ததல்ல, முனையைக் குறுக்கி, உறுத்தாமலிருக்க உள்ளே மெல்லிய துணி வைத்திருந்தார். எங்கள் இல்லத்தில் ஒரு சிறுமி இருந்தாள். கொதிநீர் கொட்டி வலது கை சூம்பிப்போனவள். எந்தச் சட்டை போட்டாலும் அவளுக்கு அந்தக் கையை மட்டும் மடித்துவிடுவோம். இதை மடிக்கவே வேண்டியிருக்காது.

"இந்தக் கை ஏனுங்கம்மா இப்பிடி?"

அவர் அதை நீவிவிட்டார். "இப்ப அவ கை அப்பிடித்தான இருக்குது. நொம்ப நாளா உங்ககிட்ட இருந்துட்டா. ஊட்டுக்கு அனுப்பச் சொல்லு."

அவர் குரலில் கெஞ்சலோ கோபமோ இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையை அனுப்பச் சொல்வது போலச் சொன்னார். கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். காபியைத் தொடவில்லை.

முடிவெடுக்க உட்கார்ந்தபோது, ஒண்டிக்கடை முக்கில் துணிக்கடை வைத்திருந்த பாயும் வந்திருந்தார். இல்லத்தின் கமிட்டியில் அவரும் ஒருவர். கவுன் வேண்டாம், கம்பளியை மட்டும் வாங்கலாம் என்றார் அவர். பிள்ளைகள் நடுங்குகின்றன, கொடுத்தவர் யாரென்று குளிருக்குத் தெரியுமா என்று கேட்டார். அவர் சொன்னது எனக்கும் நியாயமாகவே பட்டது. டீச்சரம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"கம்பளிய வாங்கிட்டா, நாளைக்கு அவங்க வாசல்ல வந்து நிக்கறப்போ போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க பாய்."

மறுநாள் பாய் கடையிலிருந்து விலைபோகாத ஜமுக்காளங்கள் வந்தன. அந்த மழைக்கு அவை போதவில்லை. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக ஒட்டிப் படுத்தார்கள்.

பங்களாவுக்கு டீச்சரம்மாவே என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிவளைக்காமல் பேசினார். துணியும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம், பிள்ளையை அனுப்பவும் முடியாது என்றார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"தூக்கத்துல இருமறாளே, மருந்து குடுக்கறீங்களா?"

அந்தச் சிறுமி உண்மையிலேயே தூக்கத்தில் இருமுவாள். அது அவளோடு படுக்கும் எனக்கும் டீச்சரம்மாவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. டீச்சரம்மா என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். இல்லத்துக்கு வந்ததும் அந்தச் சிறுமியின் படுக்கையை ஜன்னலோரத்திலிருந்து மாற்றிப் போடச் சொன்னார்.

கோடைக்கு முன்பே அந்த அம்மாளை அவருடைய தம்பி சேலத்துக்கு அழைத்துப்போய்விட்டார். பங்களாவும் கைமாறியது.

அந்தச் சிறுமி வளர்ந்து டீச்சராகி, ஒருமுறை என்னைப் பார்க்க வந்தாள். அப்போதுதான் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவே இல்லை. அப்போதெல்லாம் இல்லத்தில் துணி காயப்போடும் இடத்துக்குப் பின்னால், வேலியோரம் ஓர் அம்மாள் வந்து நின்று கூப்பிடுவார் என்றாள்.

"அது எம் பேரு இல்லீங்க. ஆனா என்னையத்தான் கூப்பிடறாங்கன்னு தெரியும். ஏனுங்கன்னு கேட்டுட்டுப் போவேன்."

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"இல்லீங்க. என்னைய மட்டும் தேடி வர்றதுக்கு அப்ப வேற யாரு இருந்தா?"

என்ன பேர் என்று நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். எஸ்டேட் ஆட்கள் சொல்லி நான் கேட்டிருந்த, இறந்துபோன குழந்தையின் பேர். அவள் அதைச் சொன்னவிதம், தன் சொந்தப் பேரைச் சொல்வது போலவே இருந்தது.