நாலாவதாக இறங்கும் அப்பா

தயாளனுக்கு விலை பேசத் தெரியும் என்று ஊருக்கே தெரியும். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாம் பாசார் சந்தைக்குள் அவன் நுழைந்தால் காய்கறிக்காரர், "வந்துட்டாருய்யா, இன்னைக்கு நமக்கு லாபம் அவ்வளவுதான்" என்று முனகுவார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்கள் வாங்கும் பிரிவில் அவனுக்கு வேலை. எந்தப் பொருள் பேருக்கு விலை போகிறது, எது உழைப்புக்கு விலை போகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவான். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இப்படித்தான் ஏற இறங்கப் பாத்தாரு" என்று அவன் மனைவி லோகேஸ்வரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவனும் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வான்.

அப்படிப்பட்டவன் போயும் போயும் பேஸ்பாலில் போய் விழுந்தான். கால்பந்தும் பூப்பந்தும் இருக்கிற ஊரில் பேஸ்பால் மட்டையை நேரில் பார்த்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இவனும் பார்த்ததில்லை. தொழிற்சாலை அவனை ஒருமுறை பயிற்சிக்கு அமெரிக்கா அனுப்பியபோது, தங்கிய இடத்தில் கூட இருந்தவர்கள் வீடியோ கேமில் அதை ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டம் அவனுக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. கார்டுகள் புரிந்தன. அந்த கேமில் ஒவ்வோர் ஆட்டக்காரனும் ஒரு கார்டு. அடி, ஓட்டம், கை பலம் என்று கார்டில் மதிப்பெண் போட்டிருக்கும். ஆடி ஜெயித்தால் கேமுக்குள் காசு சேரும், அந்தக் காசில் சந்தையில் கார்டு வாங்கலாம், விற்கலாம். விலை ஏறும், இறங்கும். சந்தை என்ற சொல்லைக் கேட்டதுமே நம்ம ஆள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

ஊர் திரும்பியதும் தன் தங்கை ஷர்மினியின் கணவன் சிவநேசனைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டான். சிவநேசன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். இருவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. அப்போதிருந்தே வாய்க்கு வாய் மச்சான், பிறகு கல்யாணமும் அதை உறுதி செய்துவிட்டது. முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு சிவநேசன், "என்ன லா இது, ஸ்கூல்ல பொம்பளப் புள்ளைங்க ஆடுன ரவுண்டர்ஸ்தான?" என்றான். ஆனால் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்ததும் பந்து பறந்தது. வேன் ஓட்டுகிற கைக்கு நேரம் தப்பாது போலிருக்கிறது. அன்றே பேசி முடித்தார்கள்: எடுப்பது தயாளன், அடிப்பது சிவநேசன். கேம் சிவநேசன் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை மட்டும். சந்தை தயாளனின் கைப்பேசியில், எந்நேரமும்.

தயாளன் எடுத்த விதமே தனி. பளபளக்கிற கார்டு பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டான். "இவன் விலை குறைச்சல், ஏன்னா ஓட மாட்டான். பந்தை வேலிக்கு அந்தாண்ட அடிக்கிறவன் எதுக்கு மச்சான் ஓடணும்? நடந்தே வரட்டும்" என்பான். சீக்கிரம் களைத்துப்போகிற பந்துவீச்சாளனைச் சல்லிக் காசுக்கு வாங்கி, கடைசிச் சுற்றில் மட்டும் இறக்குவான். நிஜ ஆட்டத்தில் ஒருவன் தொடர்ந்து சொதப்பி, எல்லோரும் அவன் கார்டைத் தள்ளிவிடுகிற வாரத்தில் இவன் வாங்குவான். பேப்பரில் பேர் வந்து எல்லோரும் கேட்கிற வாரத்தில் விற்பான். கைராசிக்காரன் என்று சிவநேசன் சொன்னால், "ராசியாவது ஒண்ணாவது, கணக்கு" என்பான்.

வாயில் நுழையாத பெயர்களுக்கு சிவநேசன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். கார்டு வீட்டுக்குள் வந்த அன்றே அதற்கு ஒரு பேர் வைப்பான். ஒல்லியாய் நெடுநெடு என்று நிற்கிற பந்துவீச்சாளன் முருங்கக்கா. தளம் தளமாகத் திருடி ஓடுகிறவன் கடன்காரன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லோரையும் முறைக்கிற, பந்து பிடிக்கும் கேட்சர், சம்மந்தி. பேர் வைக்காமல் ஒருவனையும் களத்தில் இறக்க மாட்டான். வைத்த பிறகு அவன் வீட்டு மனிதன் மாதிரிதான்.

கேம் கொடுத்து முதன்முதலாக அவர்கள் பிரித்த கார்டு பாக்கெட்டில் ஒரு கிழட்டு ஆட்டக்காரன் வந்தான். தொந்தி, நரைத்த தாடி, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, யார்மீதோ கோபமாய் இருப்பதுபோல ஒரு நிற்பு. தயாளன் மதிப்பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். சிவநேசன் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான். "டேய் மச்சான், எங்கப்பாடா இது" என்றான்.

சிவநேசனின் அப்பா வேலு, பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு கட்டுகிற வேலை பார்த்தவர். கப்பல் கரைக்கு வருகிற நேரத்தில் அப்படித்தான் நிற்பார். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அக்கரையில் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்துவிட்டார். சிவநேசன் இக்கரையில். பாலத்தில் போலீஸ் தடுப்பு, கையில் அனுமதிக் கடிதம் இல்லை, கடிதம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மூடிய பெட்டியைத் தூரத்திலிருந்து காட்டினார்கள். முகம் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பல மாதம் அவன் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பேச வைக்கத்தான் தயாளன் அந்த கேமையே அவன் வீட்டில் கொண்டுபோய் மாட்டினான். ஆகவே அந்தக் கார்டு என்ன என்று தயாளனுக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அன்றிலிருந்து அப்பா நாலாவதாக இறங்கினார். அவரைவிட நல்ல அடிகாரர்கள் வந்தும் அந்த இடம் மாறவில்லை. எப்போதாவது பந்தை வேலிக்கு வெளியே அடித்துவிட்டு ஆடி அசைந்து வருவார். ஷர்மினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாமா வராரு, கோப்பி கலக்கட்டா?" என்பாள். வருடா வருடம் திதி அன்று படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆட்டம் உண்டு. அன்று மட்டும் அப்பா நாலாவதாக இல்லை, முதல் ஆளாக இறங்குவார். எந்த சாஸ்திரத்திலும் இல்லாத சடங்கு, ஆனாலும் அந்த வீட்டில் அது சடங்காகிவிட்டது.

இந்த வருடம் திதி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதற்கு முந்தின புதன்கிழமை தயாளன் கேன்டீனில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி கைப்பேசியைப் பார்த்தான். நிஜத்தில் அந்தக் கிழவர் முந்தின நாள் ஆட்டத்தில் வெளுத்து வாங்கிவிட்டு, இத்தோடு ஓய்வு என்று அறிவித்திருந்தார். கேமில் ஆளாளுக்கு அவர் கார்டைத் தேடினார்கள். நாய்கூடச் சீந்தாத கார்டின் விலை ஏறிக்கொண்டே போனது. தயாளனுக்கு உள்ளங்கை அரித்தது. இது உச்சம். ஓய்வு பெற்றவனை அடுத்த வாரம் எவன் கேட்பான்? அடுத்த வாரம்தான் பினாங்கு ரோட்டில் ஹஸ்ருலின் கேம் கடையில் போட்டி. அங்கே வருடா வருடம் ஃபிக்ரி என்பவனின் டீமிடம் தோற்று வருகிறார்கள். இந்த ஒரு கார்டை விற்றால், அவன் நெடுநாளாய்க் கண்வைத்திருந்த மூன்று பேரை வாங்கலாம்.

சிவநேசனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பான், அதனால்தான் கேட்கவில்லை. கார்டுதானே, மனுஷனா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்பா என்று பேர் வைத்தால் அப்பாவாகிவிடுவாரா? சோறு ஆறுவதற்குள் விற்று, மூன்று பேரையும் வாங்கிவிட்டான். நல்ல வியாபாரம் முடித்த சந்தோஷம் ஒரு மணி நேரம் இருந்தது.

சாயங்காலம் பாலத்துப் பக்கம் வண்டிகள் நெரிசலில் நின்றபோது அது கலைந்தது. அக்கரை விளக்குகளைப் பார்த்ததும் வேலு நிற்கிற நிற்பு நினைவுக்கு வந்தது. திரும்ப வாங்கிவிடலாம், இரண்டு பேரைத் தள்ளிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தக் கார்டு சந்தையிலேயே இல்லை. ஓய்வு பெற்றவரின் கார்டு இனி விற்பனைக்கு இல்லை, வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்று ஓர் அறிவிப்பு மட்டும் இருந்தது. தயாளன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். ஒரு விற்பனைக்குப் பின்னால் இப்படி மூடிக்கொள்கிற ஒரு கதவு இருப்பதை அவன் பார்க்கத் தவறியது அதுதான் முதல் தடவை. லோகேஸ்வரி சாப்பிடக் கூப்பிட்டதற்கு, பசியில்லை என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருக்க என்னென்னவோ காரணம் யோசித்தான். தலைவலி, தொழிற்சாலையில் அவசரம். எதுவும் எடுபடாது, மச்சான் வீட்டுத் திதிக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனான். வேலுவின் படத்துக்கு முன் இலை போட்டிருந்தார்கள். மீன் குழம்பு, நெத்திலி சம்பல், அவருடைய பழைய குவளையில் பால் விடாத கோப்பி ஓ. சிவநேசன் வேட்டியில் நின்று கற்பூரம் காட்டினான். தயாளன் படத்தைப் பார்க்காமல் கும்பிட்டான். ஷர்மினி, "அண்ணனுக்கு மாமா எலையிலேருந்து மீன் வைங்க" என்றாள். வைத்தார்கள். அவன் தின்றான், ருசி தெரியவில்லை.

கை கழுவியதும் சிவநேசன் தொலைக்காட்சியைப் போட்டான். "வா மச்சான். அப்பாவ இறக்குவோம்."

தயாளன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சிவநேசன் ஆட்டக்காரர்கள் வரிசையை மேலே ஓட்டினான், கீழே ஓட்டினான், மறுபடி மேலே போனான். "என்னடா, அப்பாவக் காணோம்?"

"அது வந்து மச்சான், அந்த ஆளு ரிட்டயர் ஆயிட்டாருல்ல. கேம்காரங்களே எடுத்துட்டாங்க போல. இனிமே கெடைக்காதுன்னு போட்டிருக்கு."

பாதி நிஜம்தான். பாதி நிஜம் சொல்வதற்கு எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று நினைக்கும்போதே தயாளனுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. சிவநேசன் கன்ட்ரோலரை மடியில் இறக்கி வைத்தான். பிறகு, "இந்தத் தடவையும் சொல்லாமத்தான் போயிருக்காரு" என்றான். ஷர்மினி அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"சரி, விடு" என்று சிவநேசனே தேறிக்கொண்டான். தயாளனின் முதுகில் தட்டினான். "நீ ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க? நீ என்ன பண்ணுவ, பாவம். சொல்லு, அப்பா எடத்துல யார இறக்கலாம்? எடுக்கறது ஒன் வேலைதான."

அந்தப் 'பாவம்' தாங்கவில்லை. தயாளன் தரையைப் பார்த்தபடி, "நான்தான் வித்தேன் மச்சான்" என்றான். "புதன்கிழமை. வெல ஏறுச்சு. ஒன்னக் கேட்டா வேணாம்பியேன்னு கேக்கல. திரும்ப வாங்கப் பாத்தேன், முடியல."

சிவநேசன் திட்டவில்லை. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தயாளனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"என்ன வெலைக்குப் போனாரு?"

தயாளன் சொன்னான். வேறொரு நாளாக இருந்தால் மார்தட்டிச் சொல்லியிருப்பான்.

"நல்ல வெலதான்" என்றான் சிவநேசன். "உசுரோட இருந்தப்ப அவர யாரும் அவ்வளவுக்கு மதிச்சதில்ல."

ஷர்மினி அண்ணனை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். சிவநேசன் புதிதாய் வந்த அடிகாரனை முதல் ஆளாகப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினான். அந்தப் புதியவன் வேலிக்கு வெளியே அடித்துவிட்டு விறுவிறுவென்று ஓடி வந்தான். அடுப்படியிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தயாளன் ஆட்டம் முடியும் வரை உட்கார்ந்திருந்தான், எழுந்து போக வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் ஹஸ்ருல் கடையில் ஜெயித்தார்கள். தயாளனின் கணக்கு தப்பவில்லை, மூன்று பேரும் வாங்கின காசுக்கு மேலே ஆடினார்கள். ஃபிக்ரி வந்து கைகொடுத்து, இந்த டீமை எடுத்தது யார் என்று கேட்டான். சிவநேசன் மச்சானின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினான், சிரிக்கவும் சிரித்தான். அவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முருங்கக்காயும் கடன்காரனும் சம்மந்தியும் ஹஸ்ருலுக்கும் நல்ல பழக்கம். அந்தத் தமிழ்ப் பேர்களை மலாய் வாயால் சொல்லிச் சிரிப்பது அவனுக்குப் பிடிக்கும். திரையில் நாலாவது இடத்தைக் காட்டி, இந்தப் புது ஆளுக்கு என்ன பேர் வைத்திருக்கிறாய் என்று சிவநேசனிடம் கேட்டான்.

சிவநேசன் கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"பேரா? அதுதான் கார்டுலயே போட்டிருக்கே" என்றான்.

தயாளன் குனிந்து வயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.