கண்மாய்க்குள் போன ஐயனார்

எங்கள் குலதெய்வம் ஐயனார், கீரமங்கலத்துக்கு அங்கிட்டு முந்திரிக்காட்டுக்குள் இருக்கிறார். அங்கே போகும் வண்டித்தடம் எந்த மேப்பிலும் இல்லை. போன வருசம் சென்னையிலிருந்து காரில் வந்த என் தம்பி குடும்பம் தடம் மாறிப்போய், வேறொரு வகையறாவின் ஐயனாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியது. இந்த வருசம் தம்பி பேரனுக்கு முதல் மொட்டை. முடி எங்கள் சாமிக்குத்தான் சேரவேண்டும் என்று எனக்கு ஒரே கவலை.

அதனால் குளித்து, விபூதி பூசி, பிள்ளையார் சுழி போட்டு, தடத்தையும் கண்மாயையும் கோயிலையும் ஒரு தாளில் வரைந்தேன். என் மகள் அதைப் போட்டோ எடுத்து, லேப்டாப்பில் சுற்றுகிற பூமி உருண்டையில் எங்கள் ஊரின் மேல் ஒட்டினாள்.

"அப்பா, ஐயனாரு கண்மாய்க்கு நடுவுல நிக்கிறாரு."

"வெயில் தாங்கலையோ என்னமோ" என்றாள் என் மனைவி.

மகள் படத்தை இழுத்தாள், சுருக்கினாள். ஒன்றும் பொருந்தவில்லை.

"மேல வடக்குத்தானேப்பா போட்டீங்க?"

"கெழக்க பாத்து உக்காந்து வரைஞ்சேன், மேல கெழக்கு. சாமி காரியத்துக்கு வேற எங்கிட்டுப் பாத்து உக்காருவாங்க?"

அவள் தலையில் அடித்துக்கொண்டு படத்தைத் திருப்பினாள். நான் வரைந்த கண்மாய் நிஜக் கண்மாயின் மேல் போய் உட்கார்ந்தது. ஐயனார் கரையேறிக் காட்டுக்குள் போனார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதையே தம்பி போனுக்கு அனுப்பினோம்.

கார் யாரையும் வழி கேட்காமல் நேரே கோயிலுக்கு வந்து நின்றது. முடி எங்கள் ஐயனாருக்கே சேர்ந்தது. பேரனுக்குத்தான் கடைசிவரை அதில் சம்மதமில்லை. தாய்மாமன் மடியில் இருந்துகொண்டு காடே அதிர அழுதான்.